உறைபனியில் நடுங்கும் சிப்பிப்பாறை

கேள்வி: கணவருக்கு மாற்றலாகி, ஜூன் மாதம் கோவில்பட்டியிலிருந்து உதகைக்குக் குடிவந்தோம். தலைக்குந்தா பக்கம் வாடகை வீடு. எங்களோடு வந்த சிப்பிப்பாறைப் பெண் நாய் மயிலிக்கு நான்கு வயது. நாயை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட கண்டிஷன். அதனால் தோட்டத்தின் கீழ்க்கோடியில், ஓடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறோம். மழைக்காலத்தை எப்படியோ ஓட்டிவிட்டாள். டிசம்பர் பிறந்ததிலிருந்து ராத்திரி முழுக்க நடுங்குகிறாள். கம்பளி விரித்தால் விடியும்போது சொதசொதவென்று நனைந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டு ஒரு மூடி பிராந்தி கொடுக்கச் சொல்கிறார். கணவர் கரி அடுப்பு வைக்கலாம் என்கிறார். இதற்கிடையில் ஒரு தெரு நாயும் வந்து மயிலியோடு படுத்துக்கொள்கிறது. அதை விரட்டுவதா, விடுவதா?
– உதகை வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தைலம் வேண்டாம். பிராந்தி வேண்டாம். கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். தெரு நாயை விரட்டவும் வேண்டாம். இவற்றுக்கான காரணங்களைப் பிறகு சொல்கிறேன். இன்று பொழுது சாய்வதற்குள் நீங்கள் செய்யவேண்டியது இரண்டு காரியம்: மயிலியைச் சங்கிலியிலிருந்து அவிழ்ப்பது, அவள் படுக்கையை ஓடைக்கரையிலிருந்து வீட்டுச் சுவரை ஒட்டி மேலே கொண்டுவருவது.

சங்கிலியை முதலில் சொல்வதற்குக் குளிர் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் மலைக்குப் புதிது. உதகை, குன்னூர், கோத்தகிரி எங்கும் சிறுத்தை குடியிருப்புக்குள் வருவது புதிய விஷயமே இல்லை. அது தேடி வருவது பெரும்பாலும் நாயைத்தான். வாசலில் படுத்திருந்த நாயைச் சில நொடிகளில் கவ்விக்கொண்டு போகும் சிசிடிவி காட்சிகளை உள்ளூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் செல்போனில் காட்டுவார்கள். அவிழ்த்துவிட்ட நாய்க்காவது ஓட ஒரு வழி உண்டு. அதிலும் சிப்பிப்பாறைக்கு ஓட்டம்தான் பலம். கீழ்க்கோடியில், ஓடையோரம், இருட்டில் கட்டிப்போட்ட நாய்க்கு அந்த வழியும் கிடையாது. கட்டிய நாயால் குளிரையும் சமாளிக்க முடியாது. காற்று ஒரு பக்கம் அடித்தால் மறு பக்கம் போய் ஒண்டிக்கொள்ளவோ, தரை சில்லிட்டால் திண்ணையில் ஏறிக்கொள்ளவோ அதற்கு வழியில்லை. நியாயமற்ற நேரத்துக்கு, நியாயமற்ற அளவு குட்டையான சங்கிலியில் பிராணியைக் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டுக்காரரிடம் பேசும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ராத்திரியில் மயிலி இருக்கவேண்டியது கதவு போட்ட ஓர் இடத்தில். வீட்டுக்குள் விடக்கூடாது என்றால் விறகு அறை, கார் ஷெட், கிரில் அடித்த முன் வராந்தா, எதுவானாலும் சரி. கிரில் இருந்தால் கம்பிகளுக்கு இடையே சிறுத்தை கை விட முடியாதபடி வலை அடியுங்கள். மயிலியின் பெட்டியையும் கிரிலிலிருந்து தள்ளி, சுவரோரமாக வையுங்கள்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது இருப்பதிலேயே குளிரான மூலை. மேகமில்லாமல் வானம் துலக்கமாக, காற்று அசையாமல், நட்சத்திரம் கொட்டிக்கிடக்கும் ராத்திரிகளில்தான் உறைபனி விழும். பகலில் மண் வாங்கிய சூடு தடுப்பார் இல்லாமல் வானத்துக்குப் போய்விடும். மண்ணை ஒட்டியிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகும். கனத்த காற்று சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உதகையில் உறைபனி முதலில் வெளுப்பது குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த வெளிகளிலும், தலைக்குந்தா, காந்தல் பக்கத்துப் புல்தரைகளிலும் என்பது இதனால்தான். ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 3, 4 டிகிரி செல்சியஸ் காட்டும் அதே விடியலில் புல்தரை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். மயிலி படுப்பது ஆளுயரத்தில் அல்ல, புல் மட்டத்தில். நாளைக் காலை ஆறரைக்குத் தோட்டத்தைச் சுற்றி வந்து பாருங்கள். ஓடையோரம் புல் வெள்ளையாக இருக்கும், வீட்டு இறவாணத்தின் கீழேயோ மரத்தடியிலோ பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சைதான் நாய்க்கான இடம்.

வாசலின் திசையும் முக்கியம். டிசம்பரில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும், வெயில் தெற்கே சாய்ந்து வரும். பெட்டியின் முதுகு வடக்கே, வாய் தெற்கே இருந்தால் காற்றும் தடுக்கப்படும், காலை வெயிலும் உள்ளே விழும்.

அடுத்தது அந்தச் சொதசொதத்த கம்பளி. விடியற்காலை ஐந்து மணிக்குத் தகரத்தின் அடிப்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அது மழையும் அல்ல, ஒழுகலும் அல்ல. மயிலி விடும் மூச்சில் இருக்கும் ஈரம் சில்லிட்ட தகரத்தில் பட்டு நீராகி, அவள் மேலேயே சொட்டுகிறது. தரையில் சிமென்ட் இருந்தால் அது கீழிருந்து ஈரம் கக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கம்பளி, சாக்கு, பழைய பெட்ஷீட் எல்லாம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். நனைந்த கம்பளியில் படுப்பதைவிட ஒன்றுமே இல்லாத காய்ந்த பலகையில் படுப்பது மேல். வெளியே படுக்கும் நாய்க்குக் கம்பளி போடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். போடுகிறவர்கள் அன்போடுதான் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கம்பளி மலையில் மறுநாள் காய்வதற்கு வெயில் கிடைப்பதில்லை.

கம்பளிக்குப் பதில் வைக்கோல். நெல் வைக்கோலின் தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதால் அதில் காற்று அடைபட்டு நிற்கும். மேலே விழும் ஈரம் தங்காமல் கீழே இறங்கிவிடும். நாய் சுற்றிச் சுற்றி மிதித்துத் தனக்கு ஒரு குழி செய்துகொள்ளும், மூக்கை வாலடியில் புதைத்துக்கொள்ளும். உதகையில் நெல் விளையாது என்று தயங்காதீர்கள். மாட்டுத் தீவனத்துக்காகக் கூடலூர் பக்கமிருந்தும் சமவெளியிலிருந்தும் கட்டு கட்டாக வருகிறது. மாடு வைத்திருக்கும் வீட்டில் விசாரித்தால் போதும். வாங்கும்போது ஒரு பிடி எடுத்து மடக்கிப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது, துவண்டு போனால் வேண்டாம். நாய் மிதித்து அமுங்கிய பிறகும் அரை அடி கனம் நிற்கவேண்டும், ஆகவே தாராளமாகத் திணியுங்கள். காலையில் அவள் எழுந்ததும் அந்தக் குழிக்குள் கையை விடுங்கள். கதகதப்பும் காய்ந்த வாசமும் இருந்தால் எல்லாம் சரி. சில்லென்றோ முக்கல் வாடையோடோ இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், அதில் பூஞ்சையும் உண்ணியும் சேரும். எப்படியும் வாரம் ஒருமுறை மாற்றுவது நல்லது.

பெட்டியைத் தச்சரிடம் சொல்லி மரத்தில் செய்துகொள்ளுங்கள். பெரிதாக வேண்டாம். நம் ஆட்கள் பாசத்தில் நாய்க்கு ஓர் அறையே கட்டிவிடுகிறார்கள். அத்தனை காற்றையும் ஒரு நாயின் உடம்புதானே சூடாக்கவேண்டும்? நிற்க, திரும்ப, சுருண்டு படுக்க இடம் இருந்தால் போதும். மயிலி அளவு நாய்க்கு 3.5 அடி நீளம், 2.5 அடி அகலம், 2.5 அடி உயரம் சரியாக இருக்கும். வாசல் நட்டநடுவில் வேண்டாம், ஒரு ஓரமாக இருந்தால் மறு ஓரத்தில் காற்றுப் படாமல் படுப்பாள். வாசல் 1.5 அடி உயரம் இருந்தால் தலையைக் குனிந்து போய்விடுவாள். அதன் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பலகை வைத்தால் வைக்கோல் வெளியே சிந்தாது. வாசலுக்குக் கனமான ரப்பர் ஷீட்டைக் கீற்றுக் கீற்றாகத் தொங்கவிடுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி அரை அடி தூக்கி வையுங்கள். சுவருக்கு இரண்டு பிளைவுட் பலகை வைத்து நடுவில் தெர்மாகோல் செருகலாம். தெர்மாகோல் வெளியே தெரிந்தால் கடித்துத் தின்றுவிடும், பிறகு குடல் அடைப்பு என்று என்னைப் போன்ற ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடவேண்டியிருக்கும். மேலே ஓரிடத்தில் இரண்டு சிறு துளைகள் போடுங்கள். காற்றே போகாமல் அடைத்தால் பழைய தகரக் கதைதான்.

மயிலியின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். உதகையில் ஜெர்மன் ஷெப்பர்டும் பொமரேனியனும் வெளியே படுத்து எழுவதைப் பார்த்து, இவளுக்கு மட்டும் என்ன என்று தோன்றலாம். அவற்றுக்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி அடுக்கு உண்டு. சிப்பிப்பாறைக்கும், கன்னி என்ற இன்னொரு நாட்டு இன நாய்க்கும் அது இல்லை. கரிசல் காட்டு வெயிலில் முயலை விரட்டி ஓடுவதற்காக வளர்த்த நாய் சிப்பிப்பாறை. ஒட்டிய வயிறு, தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடம்பு, மெல்லிய காது, சாட்டை வால், இவை எல்லாம் சூட்டை வெளியே தள்ளுவதற்கு ஏற்றவை. கோவில்பட்டியில் அவளைக் காப்பாற்றிய உடல்வாகே இங்கே அவளுக்கு எதிரி. ஓரிரு மாதத்தில் பழகிவிடும் என்பது பாதிதான் உண்மை. முடி கொஞ்சம் அடர்த்தியாகும், உடம்பு குளிருக்கு ஓரளவு பழகும், ஆனால் இல்லாத அடிமுடி முளைக்காது. உள்ளூர் நாட்டு நாயை அளவுகோலாக வைத்து அவளை விடாதீர்கள்.

இந்த மாதிரி நாய்க்கு ஸ்வெட்டர் போடுவது ஆடம்பரம் இல்லை. தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் மார்க்கெட்டில் நாய்க்கென்று கிடைக்காவிட்டாலும் சிறு பிள்ளைகளுக்கான கை வைத்த ஸ்வெட்டர் அவளுக்குப் பொருந்தும். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் சுற்றளவு பார்த்து வாங்குங்கள். இரண்டு வேண்டும், ஒன்று காயும்போது மற்றது. வெயில் வந்ததும் கழற்றிவிடுங்கள். அக்குளில் உராய்ந்து புண்ணாகிறதா என்று பாருங்கள். ஈரமாகிவிட்ட ஸ்வெட்டருக்கும் கம்பளிக்குச் சொன்னதேதான். பிப்ரவரி முடியும்வரை குளிப்பாட்ட வேண்டாம், பிரஷ் போட்டாலே போதும். அழுக்கு அப்பிவிட்டால் நண்பகல் வெயிலில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, வேர் வரை துவட்டிவிடுங்கள்.

சாப்பாடு. நடுங்குவது என்பது தசைகள் எரிபொருளை எரித்துச் சூடு உண்டாக்குவது. வெளியே படுக்கும் நாய்க்குக் குளிர்காலத்தில் வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக வேண்டியிருக்கும். தயிர் சாதத்தைக் கூட்டிப் போடுவதல்ல நான் சொல்வது. முட்டை, வேகவைத்த கோழி, ஈரல், கூடவே கோதுமை ரவையோ கேழ்வரகோ கொடுங்கள். கொழுப்பை ஒரேயடியாக ஏற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் கணையம் வீங்கும். நெஞ்சு ஆழமான நாய்கள் ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்றால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே மூன்று வேளையாகப் பிரித்து, கடைசி வேளையை இரவு எட்டு மணி வாக்கில் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் நாய் குடிக்காது, நீங்களும் கவனிக்கமாட்டீர்கள். அகலமான எவர்சில்வர் கிண்ணத்துக்குப் பதில் ஆழமான பிளாஸ்டிக் வாளியில், காலையும் மாலையும் இளஞ்சூடாக ஊற்றுங்கள். ஊட்டிக்கு வந்துவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: ஹோம்மேட் சாக்லேட்டும், கிறிஸ்துமஸ் கேக்கில் இருக்கும் உலர்திராட்சையும் நாய்க்கு விஷம். விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள்.

பாட்டி சொன்னதற்கு வருகிறேன். நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் இலையிலிருந்து எடுப்பது. நமக்குச் சளிக்கு இதமாக இருப்பது, நாய்க்கு நக்கி உள்ளே போனால் எச்சில் ஒழுகல், வாந்தி, தள்ளாட்டம், அதிகமானால் வலிப்பு. உடம்பில் தேய்த்ததை நக்காத நாயை நான் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுத் தேய்ப்பதும் அப்படியே. பிராந்தி குடித்தால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரியும், உள்ளே இருக்கிற சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடும். நடுக்கம் நிற்பதைப் பார்த்துக் குளிர் விட்டுவிட்டது என்று நினைப்போம். உண்மையில் உடம்பு சூடு உண்டாக்குவதை நிறுத்தியிருக்கும். சளி, காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால், புரூஃபென் மாத்திரைகளையும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவர் சொன்ன கரி அடுப்புதான் இவை எல்லாவற்றிலும் மோசம். அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்று மலைப்பகுதிகளிலிருந்து வரும் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதோடு பக்கத்தில் வைக்கோல் வேறு. பல்பு தொங்கவிடுவதும் வேண்டாம், வைக்கோலில் உரசினால் தீ, வயரைக் கடித்தால் ஷாக். மிகக் குளிரான இரவில் வெந்நீர்ப் பையைத் தடித்த துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள், அவளே வேண்டுமளவு ஒட்டிப் படுப்பாள். கடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

எப்போது பயப்படவேண்டும்? நடுங்கும் நாயைவிட, நடுங்கிக்கொண்டிருந்து திடீரென்று நடுக்கம் நின்றுபோன நாயைப் பார்த்துத்தான் நான் பதறுவேன். கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புவது, கால் விறைத்து நடப்பது, ஈறு வெளுப்பது எல்லாம் உடல் சூடு இறங்கிவிட்டதற்கான அடையாளம். மருந்துக்கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. 99க்குக் கீழே போனால் வீட்டுக்குள் கொண்டுவந்து துவட்டி, காய்ந்த போர்வையில் சுற்றி, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பைகளை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கு எந்தக் கண்டிஷனும் செல்லாது. கை கால்களைத் தேய்க்காதீர்கள், வெந்நீரில் முக்காதீர்கள், சூடு உள்ளிருந்து மெல்ல ஏறவேண்டும். தெளிவாக விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். 95க்குக் கீழே என்றால் போர்வையோடு அப்படியே வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. மயிலி சமவெளியிலிருந்து வந்தவள். அங்கே உண்ணிக் காய்ச்சல் சகஜம், அந்தக் கிருமி அடங்கிக் கிடந்து உடம்பு நலியும்போது தலைதூக்கும். நல்ல படுக்கை கிடைத்து ஒரு வாரம் ஆகியும் நடுக்கம் தொடர்ந்தால் குளிர் என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தசோகை இருந்தாலும் குளிர் தாங்காது.

அந்தத் தெரு நாய் இருக்கட்டும். இரண்டு உடம்பு ஒட்டிப் படுத்தால் இருவருக்கும் சூடு. ஆனால் மயிலியின் தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டிருக்கின்றனவா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். டிஸ்டம்பர் என்ற நாய்த் தொற்றுநோயின் கிருமி வெயிலில் சீக்கிரம் சாகும், குளிரில் நெடுநாள் பிழைக்கும். அந்த நாய்க்கும் வெறிநாய்த் தடுப்பூசியும் மற்றவையும் போட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சேர்த்துப் படுக்கவிடுங்கள். அதுவரை ஒரு 200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மைப் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் கல் கொடுத்து, பாதி வாயைப் பலகையால் மறைத்து, உள்ளே வைக்கோல் திணித்துக் கொடுங்கள். ரசாயனம் வந்த ட்ரம்மாக இருக்கக்கூடாது.

கடைசியில் வீட்டுக்காரர். நாயை உள்ளே விடலாமா என்று மறுபடி கேட்காதீர்கள், அதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். விறகு அறையில் ஒரு மூலையும் அதற்கு ஒரு தாழ்ப்பாளும் கேளுங்கள். முடி, மூத்திர வாடை என்பதுதான் பொதுவாக அவர்கள் கவலை. பெட்டி மரப்பெட்டி, வைக்கோல் வாராவாரம் மாறும், காலி செய்யும்போது கழுவி வெள்ளையடித்துக் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். சிறுத்தையைப் பற்றியும் பேசுங்கள். நாய்க்காக வாசல் வரை வரும் சிறுத்தை அவருக்கும் பிரச்சினைதான். அதற்கும் அவர் இசையவில்லை என்றால், மயிலியைப் பிப்ரவரி கடைசி வரை கோவில்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மார்ச்சில் அழைத்துக்கொள்ளலாம்.